இறக்கிய காரும் கல்வராயன் சாலையும்

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் விடுமுறை நாள் காலையில் நின்று பார்த்தால் இரண்டு வகைக் கார்கள் கண்ணில் படும். ஒன்று, மலைக்கென்றே தூக்கிவிட்ட வண்டி. பெரும்பாலும் வாடகைக்கு ஓடுவது. பின்பக்கக் காயில் ஸ்பிரிங்கின் இடுக்கில் ரப்பர் பஃபரைச் செருகி, ஐந்து பேர் ஏறினாலும் உட்காராதபடி நிமிர்த்தி வைத்திருப்பார்கள். இன்னொன்று, தரையோடு தரையாக இறக்கிவிட்ட வண்டி. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையாது. மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை என்று கிளம்பிய இளைஞர்கள் உள்ளே இருப்பார்கள். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் அடியில் எதுவோ உரசும் சத்தம் கேட்டுவிடும்.

ஒருவர் ஏற்றுகிறார், ஒருவர் இறக்குகிறார். இருவருமே செய்யாமல் விடும் வேலை ஒன்றுதான். உயரத்தை மாற்றிய பிறகு சக்கரங்களின் கோணத்தைத் திரும்ப அளந்து நேராக்குவதில்லை. காரை இறக்குவதைக் காட்டிலும், இறக்கிவிட்டு அப்படியே ஓட்டுவதுதான் டயரையும் ஸ்டீரிங்கையும் சில சமயம் ஆளையும் பதம் பார்க்கிறது.

இறக்குபவர்களைத் திட்டுவது சுலபம். ‘பணம் இருக்கிற திமிர்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஆசைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. கார் தாழ்ந்தால் அதன் எடை மையமும் தாழ்கிறது. வளைவில் திரும்பும்போது ஒரு பக்கச் சக்கரங்களிலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும் எடை குறைகிறது. நான்கு டயர்களும் சாலையைச் சமமாகப் பிடிக்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயக் கார்கள் தரையை ஒட்டிப் பறப்பது இதனால்தான். அங்கே தளம் வழுவழுப்பானது. குழி கிடையாது, மாடு குறுக்கே வராது. மண் சாலையில் ஓடும் ரேலி கார்களைப் பாருங்கள். அவற்றை உயர்த்தித்தான் கட்டுகிறார்கள். எந்த உயரம் சரி என்பதைச் சாலைதான் முடிவு செய்கிறது. கண்ணாடியில் தெரியும் அழகை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கு உயரத்தை மாற்றுவது புதிய வித்தையும் அல்ல. அம்பாசிடரின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பிதான் எடையைத் தாங்கும். அது தளர்ந்து வண்டியின் மூக்கு கவிழ்ந்தால், கழற்றிக் கோணம் மாற்றிப் பூட்டி நிமிர்த்துவார்கள். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஏழெட்டுப் பேரை ஏற்றுகிற டாக்ஸி என்றால் கூடுதலாக ஒரு பட்டை வைத்துவிடுவார்கள். மலைக்கு ஓடும் ஜீப்புக்கும் அதே வைத்தியம்தான். உயர்த்துவதற்கு நமக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. இறக்குவதுதான் இந்த இருபது முப்பது ஆண்டுகளில், லேசான சின்னக் கார்கள் பெருகிய பிறகு வந்த மோகம்.

மூன்று கோணங்கள்

அலைன்மென்ட் என்றால் ‘ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது’ என்றுதான் பலரும் நினைத்திருக்கிறார்கள். இழுக்காத வண்டியிலும் கோணம் கெட்டிருக்கலாம். பார்க்க வேண்டியவை மூன்று.

காருக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். உள்ளே சாய்ந்தால் நெகடிவ், வெளியே சாய்ந்தால் பாசிடிவ். மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டால், இரண்டு முன்சக்கரங்களின் முனைகளும் ஒன்றையொன்று நோக்கி இருக்கின்றனவா, விலகி இருக்கின்றனவா என்பது டோ. பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, சக்கரம் திரும்புகிற அச்சு எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நடுவுக்குத் திரும்பி வருவதில் காஸ்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் அநேகமாக எல்லாவற்றின் முன்பக்கமும் மெக்பெர்சன் ஸ்ட்ரட்தான். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இந்த அமைப்பை 1950இல் ஃபோர்டு கான்சல் கார் பரவலாக்கியது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும். கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம். மாருதி 800 முதல் இன்றைய ஸ்விஃப்ட் வரை முன்பக்கத்துக்கு இதே ஏற்பாடுதான். மலிவு, இடம் அடைக்காது, பழுது பார்க்க எளிது.

இந்த அமைப்பில் காரை இறக்கினால் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லோயர் ஆர்மின் உள்முனை பாடியோடு பூட்டியிருக்கும். வெளிமுனையில் பால் ஜாயிண்ட் வழியாகச் சக்கரம். சாதாரணமாக வெளிமுனை சற்றே கீழ்நோக்கி இருக்கும். பாடி இறங்க இறங்க அந்த ஆர்ம் படுக்கை நிலைக்கு வரும். அதுவரை பால் ஜாயிண்ட் வெளியே தள்ளப்படுவதால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், கேம்பர் நெகடிவ் பக்கம் போகும். ஆர்ம் படுக்கை நிலையையும் தாண்டி மேல்நோக்கி வளைந்துவிட்டால் கதை மாறுகிறது. பால் ஜாயிண்ட் திரும்ப உள்ளே இழுபடுகிறது. அதற்குப் பிறகு வளைவில் சக்கரம் மேலே அமுங்கும்போது கிடைக்க வேண்டிய நெகடிவ் கேம்பர் கிடைக்காது. பிடிமானத்துக்காக இறக்கிய வண்டி, பிடிமானத்தை இழக்கும் இடம் இது.

பலருக்கும் தெரியாத இன்னொன்றும் உண்டு. வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிப் பக்கவாட்டில் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்பார்கள். மெக்பெர்சன் அமைப்பில் காரை 3 செ.மீ. இறக்கினால் எடை மையமும் 3 செ.மீ. இறங்கும்; ரோல் சென்டரோ அதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. ஆகவே ஸ்பிரிங்கைக் கடினமாக்காமல் வெறுமனே இறக்கிய கார், முன்பைவிட அதிகமாகச் சாயவே பார்க்கும். நிறுவனங்கள் விற்கும் இறக்கு ஸ்பிரிங்குகள் கடினமாக இருப்பது இதனால்தான். ‘தாழ்ந்த வண்டி சாயாது’ என்பது பாதி உண்மை.

டோவுக்கு வருவோம், அதுதான் உண்மையான வில்லன். ஸ்டீரிங் ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடும் லோயர் ஆர்மும் வெவ்வேறு நீளம், வெவ்வேறு இடத்தில் பூட்டியவை. பாடி இறங்கும்போது இரண்டும் வெவ்வேறு வட்டங்களில் சுழலும். விளைவு, ஸ்டீரிங்கை யாரும் தொடாமலேயே இரண்டு சக்கரங்களும் உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்ளும். எந்தப் பக்கம் என்பது ராக் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாறாமல் இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

எவ்வளவு மாறினால் எவ்வளவு நஷ்டம்? ஒரு கணக்குப் போடலாம். டயரின் விட்டம் சுமார் 600 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முன்சக்கரங்களுக்கும் சேர்த்து டோ 3 மி.மீ. தவறியிருக்கிறது. சக்கரத்துக்கு ஒன்றரை மி.மீ. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதாவது டயர் முன்னே போகும் ஒவ்வொரு 600 மி.மீ.க்கும் ஒன்றரை மி.மீ. பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு முன் டயரும் கால் கிலோமீட்டர் தூரம் குறுக்காக இழுபட்டதற்குச் சமம். உளுந்தூர்பேட்டை போய்ச் சேலம் திரும்பி வருகிற வண்டிக்கு வாரா வாரம் இது நடந்தால், டயரின் உள்விளிம்பில் கம்பி தெரிகிற நாள் தூரத்தில் இல்லை.

உள்ளங்கையை டயரின் மேல் வைத்துக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் ரம்பப் பல் போலக் குத்தினால் டோ கெட்டிருக்கிறது. ஒரே விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் கேம்பர். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டைக் குறை சொல்லாதீர்கள், காற்று அதிகம். சட்டப்படி கார் டயரில் 1.6 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். இறக்கிய காரில் வெளிப்பக்கம் அந்த அளவு பத்திரமாக இருக்கும், உள்பக்கம் மொட்டையாகியிருக்கும். நின்றபடி பார்த்தால் தெரியாது. ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்துக் குனிந்து பார்க்க வேண்டும்.

வெட்டிய ஸ்பிரிங்

இறக்குவதில் மூன்று நான்கு வழிகள். வண்டியின் மாடலுக்கென்றே செய்த இறக்கு ஸ்பிரிங்கை வாங்கிப் போடலாம். பொதுவாக 25 முதல் 35 மி.மீ. வரை இறங்கும். மரை போட்ட உடலோடு வரும் காயில்ஓவர் போட்டால் வேண்டிய உயரத்தைத் திருகி வைத்துக்கொள்ளலாம். ஏர் சஸ்பென்ஷன் என்றால் பட்டனைத் தட்டினால் ஏறும், இறங்கும். விலையும் அப்படித்தான் ஏறும். கடைசி வழி, செலவே இல்லாதது. இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவது.

சின்ன ஊர்களில் கடைசி வழிதான் கவர்ச்சி. சில நூறு ரூபாயில், ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடும். கிரைண்டரால் வெட்டினாலாவது ஸ்பிரிங்கின் உயிர் மிச்சமிருக்கும். கேஸ் கட்டரால் வெட்டினாலோ, அல்லது சூடு காட்டி உட்கார வைத்தாலோ, அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பதம் போன இடத்தில்தான் ஒருநாள் ஒடியும்.

வெட்டிய ஸ்பிரிங் கடினமாகிறது என்பதும் கணக்கில் வரவேண்டும். கம்பியும் விட்டமும் அதே, சுற்றுகள் மட்டும் குறைந்தால் விறைப்பு கூடும். வேலை செய்யும் சுற்று ஆறிலிருந்து ஐந்தாகிவிட்டால் விறைப்பு 20 சதவிகிதம் அதிகம். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி செய்தது. அமுங்கிய ஸ்பிரிங் விசையோடு திரும்பி எழும்போது அதை அடக்க அந்த ஷாக்கால் முடியாது. வண்டி குதிக்கும், ஷாக்கில் எண்ணெய் கசியும். ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் பொருந்தி உட்காரும்படி வளைத்துச் செய்திருப்பார்கள். அந்த முனையையே வெட்டிவிட்டால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் நகர்ந்து கோணலாக உட்கார வாய்ப்பிருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகத் தூக்கும் தருணத்தை நினைத்துப் பாருங்கள்.

ஷாக்கின் நடுத்தண்டில் ஒரு ரப்பர் மொட்டு இருக்கும், பம்ப் ஸ்டாப். சக்கரம் மேலே வந்து மோதாமல் தடுக்கும் கடைசிக் காவல். சாதாரண உயரத்தில் அதைத் தொட 8 செ.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 4 செ.மீ. இறக்கிய பிறகு பாதிதான் மிச்சம். ஆள் ஏறினால் இன்னும் குறையும். பிறகு ஒவ்வொரு குழிக்கும் ஸ்பிரிங் வேலை செய்யாது, ரப்பர்தான் வேலை செய்யும். முதுகெலும்புக்கு அது தெரியும்.

வேகத்தடையின் முதுகு

2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை மாவட்டத்தைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது. அதில் இறக்கிய கார் சுகமாகவே ஓடும். சிக்கல் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தொடங்குகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் சாலையில் அழுத்திய தடம், நடுவில் மேடாகவும் இருபுறமும் பள்ளமாகவும் நிற்கும். அந்த நடுமேடு சாதாரணக் காருக்கு ஒன்றுமில்லை; இறக்கிய காரின் ஆயில் சம்ப் அதில் கோடு போட்டுக்கொண்டே போகும்.

வேகத்தடைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி, வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும், வளைவுக்கு 17 மீட்டர் ஆரமும் கொண்டது. ஸ்விஃப்ட் காரின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2.45 மீட்டர். கார் அந்தத் தடையின் மேல் முழுவதுமாக நிற்கும்போது, நடுவில் அதன் முதுகு சக்கரங்களைத் தாண்டி எழும்புவது வெறும் நாலரை செ.மீ.தான். காலி வண்டியாக 163 மி.மீ. அடி உயரம் கொண்ட ஸ்விஃப்டை 3 செ.மீ. இறக்கினாலும் தாராளமாகத் தாண்டும்.

நம் ஊர்த் தடைகள் எங்கே அப்படி இருக்கின்றன? ஒரு விபத்து நடந்ததும் ஊரார் சேர்ந்து ஜல்லியும் தாரும் கொட்டி ஒரு முழ அகலத்துக்கு எழுப்பிவிடுகிறார்கள். 15 செ.மீ. உயரம் என்றால் அது முழுவதும் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே அப்படியே வந்து நிற்கும். அதே ஸ்விஃப்ட் இறக்காமல் போனாலே 13 மி.மீ. இடைவெளிதான், அதுவும் ஆள் இல்லாமல். 3 செ.மீ. இறக்கிய வண்டி அதில் உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் சாலையைக் கடக்கும் ஊரில் தடை வேண்டும்தான்; விதிப்படி கட்டினால் வண்டியும் பிழைக்கும் பிள்ளையும் பிழைக்கும். நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அறுவடைக் காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மக்காச்சோளமும் கேழ்வரகும் கொள்ளும் சாலையில் காயும், அடிபடும். தாழ்ந்த வண்டி அந்தத் தாளை அடியில் வாரிக்கொள்ளும். டிரைவ் ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும் வைக்கோல், கொதிக்கிற சைலன்சர் குழாயைத் தொட்டால் புகையோடு நிற்காது. தாள் பரப்பிய சாலையில் போக நேர்ந்தால், தாண்டியதும் ஓரங்கட்டி ஒருமுறை குனிந்து பார்ப்பது நல்லது. இது இறக்காத காருக்கும் பொருந்தும்.

மலை ஏறும்போது

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கல்வராயன். வடக்கே சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, தெற்கே பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. மலையாளி பழங்குடியினரின் ஊர்கள். ஜாகிர்தார்களின் ஆளுகையில் சுதந்திரத்துக்குப் பிறகும் வெகுகாலம் கிடந்த மலை இது. 1970களின் நடுவில்தான் முழுதாக அரசின் கைக்கு வந்தது. சாலை இங்கே தாமதமாக வந்த விருந்தாளி. 2024இல் கல்வராயன் மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தபோது, அடிப்படை வசதிகளில் சாலையும் பேருந்தும் விவாதத்துக்கு வந்தன. அங்கே பிரசவ வலியில் இருக்கும் பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புக்குச் சாலை வாழ்வா சாவா என்ற கேள்வி. அதே சாலையில் நம் இறக்கிய கார், வளைவில் அடி தட்டி நடுவழியில் நின்றால் அது விளையாட்டு அல்ல. மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச் சாலை விதி. நின்றுபோன வண்டியால் யாருக்கும் வழிவிட முடியாது.

கோணம் கெட்ட காரின் குணம் மலையில்தான் வெளிப்படும். சமவெளியில் நேராக ஓடும்போது லேசான டோ பிழை தெரியாது. இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, முன் ஸ்பிரிங் அமுங்குகிறது, டை ராடும் லோயர் ஆர்மும் மறுபடி வெவ்வேறு வட்டம் போடுகின்றன. வலது சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்டீரிங் தானாக ஒரு வெட்டு வெட்டும். இதை பம்ப் ஸ்டியர் என்பார்கள். இறக்கிய காரில் இது கூடும். வெள்ளிமலையிலிருந்து கீழே இறங்கும்போது இடப்பக்கம் பள்ளமும் எதிரே அரசுப் பேருந்தும் இருக்க, ஸ்டீரிங் தன் இஷ்டத்துக்கு ஒரு விரல் அளவு திரும்பினால் போதும்.

முன்பக்கத்தை மட்டும் அதிகமாக இறக்கி, மூக்கைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமும் இருக்கிறது. அப்போது காஸ்டர் குறையும். வளைவிலிருந்து ஸ்டீரிங் திரும்பி வரச் சோம்பும். ஹெட்லைட்டும் கீழே பார்க்கும். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். உயரம் மாறினால் விளக்கையும் சரிசெய்ய வேண்டும் என்பது அநேகமாக யார் நினைவிலும் வருவதில்லை.

ராம்ப் மேல்

ஒரு காலத்தில் நூல் கட்டித்தான் டோ பார்த்தார்கள். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நூலை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேலால் அளப்பது. பொறுமையான கைக்கு அது இன்றும் ஏமாற்றாது. இப்போது கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களிலும் டயர் கடைகளில் கணினி அலைன்மென்ட் வந்துவிட்டது. இந்த இயந்திரங்களைச் செய்யும் மானாடெக் நிறுவனம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் இருக்கிறது.

வேலை நடக்கும் விதத்தைக் கவனித்தாலே கடையின் தரம் தெரிந்துவிடும். நல்ல கடையில் வண்டி ராம்ப் ஏறியதும் முதலில் காற்றுப் பார்ப்பார்கள். டிக்கியில் சிமென்ட் மூட்டையோ சவுண்ட் பெட்டியோ இருக்கிறதா என்று கேட்பார்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். பால் ஜாயிண்ட்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆட்டம் உள்ள வண்டிக்குச் செய்யும் அலைன்மென்ட் ராம்ப்பை விட்டு இறங்கும்போதே கலைந்துவிடும். பின்னர் நான்கு ரிம்களிலும் கிளாம்ப்பை மாட்டி, வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். ரிம்மின் கோணலைக் கணக்கிலிருந்து கழிக்க அது. ஸ்டீரிங்கை நடுவில் பூட்டுவார்கள். முதலில் பின்சக்கரம், அடுத்துக் காஸ்டர், கேம்பர், கடைசியில் முன்பக்க டோ. டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்பேனரால் கால் திருப்பு திருப்பினால் திரையில் சிவப்பு பச்சையாகும். நட்டை இறுக்கும்போது பச்சை மறுபடி ஆடும்; இறுக்கிய பிறகும் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பவர்தான் கைதேர்ந்தவர்.

இறக்கிய காரை ராம்ப்பில் ஏற்றினால் ஒரு நடைமுறைச் சங்கடம் வரும். பெரும்பாலான சின்னக் கார்களில் தொழிற்சாலை நமக்குத் திருகக் கொடுத்திருப்பது முன்பக்க டோ ஒன்றைத்தான். கேம்பர் மாற்ற வழி இல்லை. அதற்கு ஸ்ட்ரட்டின் அடிப்போல்ட்டுக்குப் பதிலாக கேம் போல்ட் போட வேண்டும், அல்லது மேலே கேம்பர் பிளேட் வைக்க வேண்டும். பின்பக்கம் டார்ஷன் பீம் உள்ள வண்டி என்றால் திருக எதுவுமே இல்லை. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே மெல்லிய ஷிம் வைத்தால்தான் உண்டு. இதையெல்லாம் சொல்லாமல் ‘எல்லாம் செட் பண்ணியாச்சு’ என்று கடைக்காரர் சொன்னால், டோவை மட்டும் திருப்பிவிட்டு அனுப்புகிறார் என்று அர்த்தம். எலக்ட்ரிக் பவர் ஸ்டீரிங் உள்ள பல வண்டிகளில் ஸ்டீரிங் கோண சென்சாரையும் மறுபடி பூஜ்யத்தில் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் கேமரா வைத்து லேன் பார்க்கும் புதிய கார்களை இறக்கினால் அந்தக் கேமராவின் பார்வையும் தவறும். அவற்றைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஆர்.சி. புக்கில் அடி உயரம் எழுதவில்லையே’ என்று பட்டறைகளில் வாதம் செய்வார்கள். சோதனைச் சாவடியில் அந்த வாதம் எடுபடுமா என்பது ஆய்வாளரைப் பொறுத்தது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வெட்டிய ஸ்பிரிங்கைப் பார்த்தால் என்ன எழுதுவார் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த மோதல் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் காரைத் தாழ்த்தி, மெல்ல ஊர்வலம் விடுவதைக் கலையாகவே வளர்த்தார்கள். காரின் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்று 1958இல் அங்கே சட்டம் வந்தது. அதற்கு ரான் அகீரே என்ற இளைஞர் கண்ட பதில், 1959இல் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தியது. போலீசைக் கண்டால் கார் எழுந்து நிற்கும், போன பிறகு உட்காரும். அறுபது சொச்சம் ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரி முதல் கலிஃபோர்னியா அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. ஆனால் அந்தக் கார்கள் காட்சிக்கானவை, சமதளத் தெருவில் நடைவேகத்தில் போகிறவை. மலை ஏற யாரும் அவற்றை எடுத்துப் போவதில்லை.

கள்ளக்குறிச்சியில் வைத்து ஓட்டும் காரை, அதுவும் வருடத்தில் இரண்டு தடவையாவது கல்வராயன் ஏறும் காரை, இறக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. ஆசை விடவில்லை என்றால் 25 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள், மாடலுக்கென்று செய்த ஸ்பிரிங்கை அதற்குப் பொருந்தும் ஷாக்கோடு போடுங்கள். பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெட்டுகிறேன் என்று கட்டரை எடுப்பவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். உயர்த்துபவர்களுக்கும் இதே பேச்சுதான்: ரப்பர் பஃபர் வைத்த வண்டியும் கோணம் மாறிய வண்டியே.

புதிய ஸ்பிரிங் போட்டதும் வண்டியை ஓரிரு வாரம் ஓட்டி உட்காரவிட்டு, பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யுங்கள். கடையை விட்டு வெளியே வரும்முன் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும், நான்கு சக்கரங்களுக்கும் இருக்க வேண்டும். தாள் தர மறுக்கும் கடைக்கு அடுத்த முறை போகாதீர்கள்.